நொச்சி வெந்நீரும் 98 நாட்களும்

பிள்ளை பெற்ற உடம்புக்கு இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீர் வேண்டுமா, வேண்டாமா என்ற பேச்சு நம் தோட்டத்து லயங்களிலே அடிக்கடி எழுகிறது. பட்டணத்திலே படித்து வந்த இளைஞர்கள், "இதெல்லாம் பாட்டிமார் கட்டிவிட்ட கதை" என்கின்றனர். பாட்டிமாரோ, "வெந்நீர் ஊற்றாத உடம்பு நாற்பது வயதிலே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காரும், அப்போது தெரியும்" என்கின்றனர். இரு சாராரும் இலையைப் பற்றியே வாதாடுகின்றனர். நம் கவலை வேறு. இலைக்கு நம் தோட்டங்களிலே பஞ்சம் வந்ததில்லை. அந்தக் குளியலுக்கு வேண்டிய நாட்களுக்குத்தான் என்றும் பஞ்சம்.

தொழிற்சங்கப் பத்திரிகையிலே எழுதும் விஷயமா இது, பெண்கள் அடுப்படியிலே பேசிக்கொள்வதல்லவா என்று சில தோழர்கள் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும்! எந்தப் பெண் பிள்ளை பெற்ற எத்தனையாம் நாள் மறுபடியும் பெரட்டுக்கு வந்து நின்றாள் என்பது செக்ரோல் எழுதும் நம்மைப் போன்ற கிராணிமாருக்குத் தெரியும். கூலி சம்பந்தப்பட்டது எதுவோ, அது சங்கம் சம்பந்தப்பட்டது.

முதலில் குளியலைப் பற்றிப் பேசிவிடுவோம். இன்று தோட்டங்களில் இருக்கும் இளந்தாய்மார் பலருக்கு இது அரைகுறையாகத்தான் தெரியும். மாமியார் இருந்தால் நடக்கிறது, இல்லாவிட்டால் இல்லை.

நம் தமிழ்த் தாய்மாரின் முறை குடும்பத்துக்குக் குடும்பம் சற்று மாறும். ஒற்றைப்படை நாளாகப் பார்த்து ஊற்றுவது பெரும்பாலோர் வழக்கம். 16ஆம் நாள் தீட்டுக் கழித்துப் பிள்ளையைத் தொட்டிலில் போடுவர். நொச்சியிலை, வேப்பிலை, புளியிலை, ஆமணக்கிலை ஆகியவற்றில் கைக்குக் கிடைத்ததைப் பறித்து, மஞ்சளையும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். முன்னெல்லாம் மண்ணெண்ணெய் டின்னைக் கழுவி, மூன்று கல் கூட்டி, பட்டுப்போன ரப்பர் மரத்து விறகை மூட்டுவர். இன்று காஸ் அடுப்பு. நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ தேய்த்து, பலகையிலே உட்கார வைத்து, முதுகிலும் இடுப்பிலும் இதமாக ஊற்றி உருவிவிடுவர். பின்பு தலை துவட்டி, சாம்பிராணிப் புகை பிடித்து, பழைய புடவையால் வயிற்றைக் கட்டுவர். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பூண்டு, கருப்பட்டி எல்லாம் சேர்த்துக் கிளறிய மருந்து உருண்டை ஒன்றைக் கையிலே கொடுத்து, "போய்ப் படு" என்பார்கள். அந்தக் கடைசி இரண்டு சொற்களை வாசகர்கள் மனத்திலே வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பக்கத்துக் கம்பத்து மலாய்த் தாய்மாருக்கு இது 44 நாள் விரதம் போன்றது, 'பந்தாங்' என்பார்கள். அவர்களுடைய வெந்நீரிலே செராய்ப் புல், பாண்டான் இலை, லெங்குவாஸ், செம்போங் இலை, லிமாவ் பூருட் இலை போன்றவை மணக்கும். 'துங்கு' என்ற கல்லை நெருப்பிலே சூடேற்றி, இலையிலே பொதிந்து, துணியிலே சுற்றி வயிற்றிலும் இடுப்பிலும் ஒற்றுவர். 'பெங்கோங்' என்ற நீளத் துணியை வயிற்றிலே சுற்றிக் கட்டுவர். சீனத் தாய்மாரில் பலர் ஒரு மாத காலம் பச்சைத் தண்ணீரைத் தொடுவதில்லை. இஞ்சி போட்டுக் காய்ச்சிய நீரிலே உடம்பு துடைத்துக்கொள்வர். சீன மருந்துக் கடையிலே இந்தக் காரியத்துக்கென்று விற்கும் காய்ந்த இலை ஒன்று இருக்கிறதே, அது வேறெதுவுமில்லை. மலாய்க்காரர் செம்போங் என்கிற அதே செடிதான்! நம் நொச்சிக்கும் இந்நாட்டிலே ஓர் உறவு உண்டு. லெமுனி என்பது நொச்சி இனத்தைச் சேர்ந்ததுதான். கெடாவிலும் பினாங்கிலும் அதன் சாற்றிலே சோறு ஆக்கிப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பர். மூன்று இனத்துப் பாட்டிமாரும் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே வேலியோரத்துக்குப் போயிருக்கிறார்கள்.

இவற்றை மூடப்பழக்கம் என்று ஒரே சொல்லால் தள்ளுவோருக்கு ஒரு செய்தி. பினாங்கு மாநிலத்துக் கெப்பாளா பத்தாஸ் ஆஸ்பத்திரியிலே 2007ஆம் ஆண்டில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு ஒன்றைச் சுகாதார அமைச்சு திறந்தது. அதன்பின் வேறு சில அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் அத்தகைய பிரிவுகள் வந்தன. பிரசவத்துக்குப் பிந்திய மலாய் முறைப் பராமரிப்பு அவற்றின் சேவைகளில் ஒன்று. இத்துறைக்கென்று 2016ஆம் ஆண்டிலே ஒரு தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. பட்டணத்திலே பணக்கார வீட்டுப் பெண்கள் இதே வெந்நீருக்காகத் தனி விடுதிகளிலே அறை எடுத்துத் தங்குகின்றனர். நம் பாட்டி காசில்லாமல் செய்ததை இன்று கண்ணாடிப் பெட்டியிலே வைத்து விலை சொல்கிறார்கள். இதிலே நமக்குப் பொறாமை இல்லை. அந்த விலையிலே முக்கால்வாசி இலைக்கு அல்ல, பக்கத்திலே இருந்து பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

சரி, வெந்நீர் என்ன செய்கிறது? சூடு பட்டால் இறுகிய தசை தளர்கிறது, அவ்விடத்திலே இரத்த ஓட்டம் கூடுகிறது, வலி குறைகிறது. முதுகும் இடுப்பும் விட்டுக்கொடுக்கின்றன. நொச்சியிலும் செராயிலும் ஆவியாகும் எண்ணெய்கள் உண்டு. நீர் கொதிக்கும்போது எழும் மணம் அவைதான். அந்த மணத்திலே மனம் லேசாகிறது, மூக்கடைப்பு விடுகிறது. மஞ்சளின் கதை வேறு. அதன் மஞ்சள் நிறச் சத்து நீரிலே எளிதில் கரைவதில்லை. ஆகையால் டின் நிறைய மஞ்சளைக் கொட்டுவதால் பெரிய லாபமில்லை, துணிதான் கறையாகும். உடம்பு சுத்தமாகிறது என்பது எல்லாவற்றிலும் பெரிய நன்மை. பிரசவித்த பெண்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற காய்ச்சலுக்குக் காரணம் மருத்துவர்களின் கழுவாத கைகளே என்று வியன்னா நகரத்திலே செம்மல்வைஸ் என்ற மருத்துவர் 1847ஆம் ஆண்டிலே காட்டினார். அவர் கைகழுவச் சொன்னபோது பெரிய டாக்டர்களுக்குக் கோபம் வந்தது. பால் கட்டிய கையோடும், பார்மிக் அமிலம் பட்ட கையோடும் வீட்டுக்கு வரும் நாமும் பிள்ளையைத் தூக்குமுன், தாயைத் தொடுமுன், சவுக்காரம் போட்டுக் கழுவ வேண்டும். நொச்சியிலை இல்லாவிட்டாலும் குடி முழுகாது. சவுக்காரம் இல்லாமல் ஆகாது.

பாட்டிமார் மேல் நமக்குள்ள மரியாதையிலே குறைவில்லை. ஆனாலும் சில காரியங்களைச் சொல்லாமல் விடுவது துரோகம்.

கொதிக்கிற நீரைத் தூரத்திலிருந்து வயிற்றிலே வீசி அடிக்கும் பழக்கம் சில குடும்பங்களிலே இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும். கருப்பை சுருங்குவதற்கு அடி தேவையில்லை, தோல்தான் வெந்துபோகும். முழங்கையை விட்டுப் பார்த்துச் சூடு தாங்கினால் போதுமான பதம். பிரசவத்திலே இரத்தம் போன உடம்பு வெந்நீரிலே நின்றால், சூட்டினால் இரத்தக் குழாய்கள் விரிந்து, தலை சுற்றி விழக்கூடும். அதனாலேதான் உட்கார்ந்து குளிக்க வேண்டும், பக்கத்திலே ஒருவர் நிற்க வேண்டும். பலகை போட்ட பாட்டிக்கு இது தெரிந்திருந்தது. தையல் போட்ட இடத்துக்கு முதல் நாட்களிலே ஐஸ் ஒத்தடம் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டிலே வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. "பிள்ளை பெற்றவளுக்குக் குளிர்ச்சி ஆகாது" என்று மிஸி கொடுத்த ஐஸ் பையைப் பிடுங்கி வைக்காதீர்கள். ஆபரேஷன் செய்து பிள்ளை எடுத்திருந்தால், காயத்தின் மேலே இலையை அரைத்துப் பூசுவதோ, துங்குக் கல்லை வைப்பதோ, இறுக்கிக் கட்டுவதோ கூடாது. எப்பொழுது ஊற்றலாம் என்று டாக்டரைக் கேட்டே ஊற்ற வேண்டும். தாய்க்குக் குடிக்கத் தண்ணீரைக் குறைப்பது மிகப் பெரிய தவறு. பால் கொடுக்கிற உடம்பு தண்ணீரைக் கேட்கும். கேட்கிற அளவு கொடுங்கள். இலை நீர் தாயோடு நிற்கட்டும்; பிறந்த பிள்ளைக்கு 24 மணி நேரம் எந்தக் குளியலும் வேண்டாம், பின்னரும் வெறும் இளஞ்சூட்டு நீரே போதும். பிள்ளையின் கண்ணும் தோலும் மஞ்சள் பூத்தால் அதற்கு மருந்து இலையிலே இல்லை, கிளினிக்கிலே இருக்கிறது.

ஒரு மணி நேரத்திலே துணி முழுவதும் நனையும்படி இரத்தம் போதல், குளிர் காய்ச்சல், துர்நாற்றம், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், பொறுக்க முடியாத தலைவலி, கண் மங்குதல், மூச்சுத் திணறல்: இவற்றில் ஒன்று கண்டாலும் அடுப்பை அணைத்துவிட்டு வண்டியைத் தேடுங்கள். நடு இரவாயிருந்தாலும் மானேஜர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். தோட்டத்து லாரி பால் ஏற்றுவதற்கு மட்டும் வாங்கியது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இன்னும் ஒரு விஷயம். இதைத் தோட்டத்துக்கு வெளியே இருப்போர் நினைத்தும் பார்க்கமாட்டார்கள். நம் இலை எங்கிருந்து வருகிறது? காட்டு ஓரத்திலிருந்து, ரோட்டு ஓரத்திலிருந்து, கால்வாய்க் கரையிலிருந்து. செம்போங் என்பது வெட்ட வெளியிலே தானே முளைக்கும் செடி. தோட்டத்து நிர்வாகத்தின் கண்ணுக்கு அது வெறும் களை. களைக்கு என்ன செய்வார்கள்? மருந்தடிப்பார்கள்! பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லி 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் இந்நாட்டிலே தடை செய்யப்பட்டுவிட்டது. பல்லாண்டு போராட்டத்தின் பயன் அது. ஆனால் மருந்தடிப்பு நின்றுவிடவில்லை. வேறு மருந்துகள் வந்திருக்கின்றன. நேற்று மருந்தடித்த ஓரத்திலே இன்று காலையில் பறித்த இலையைக் கொதிக்க வைத்து, புண்ணாறாத உடம்பிலே ஊற்றுவதைவிட வெறும் வெந்நீரே மேல். எந்தக் காட்டிலே எந்தத் தேதியில் என்ன மருந்து அடித்தார்கள் என்பது ஸ்டோர் புத்தகத்திலே இருக்கிறது. அதைப் பெரட்டுக் களத்துப் பலகையிலே நாள்தோறும் எழுதிப் போட ஒரு சாக்கட்டி போதும். எழுதிப் போடும்படி கிளைகள் கேட்க வேண்டும். அதுவரை வீட்டு வாசலிலே ஒரு நொச்சிக் கொம்பை ஊன்றி வையுங்கள். கொம்பு வைத்தாலே வளரக்கூடியது அது.

இனி, முன்னே மனத்திலே வைக்கச் சொன்ன அந்த இரண்டு சொற்களுக்கு வருகிறோம். "போய்ப் படு." அந்தச் சொல்லிலேதான் வைத்தியம் முழுவதும் இருக்கிறது என்பது நம் கட்சி.

பிரசவமான அன்று ஏறத்தாழ 1 கிலோ எடை இருக்கும் கருப்பை, சுருங்கிச் சுருங்கி 100 கிராமுக்கும் கீழே வருவதற்கு 6 வாரம் ஆகிறது. நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்திலே உள்ளங்கை அகலத்துக்குப் புண் இருக்கிறது. அது ஆறும் மட்டும் கசிவு இருக்கும். 6 வாரம் என்பது 42 நாள். மலாய்க்காரரின் பந்தாங் 44 நாள். புத்தகம் படிக்காத பாட்டிமார் இரண்டு நாள் கூடவே வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்! அந்தக் காலம் முடியுமுன் ஒரு பெண் விடியற்காலையில் எழுந்து, மேடும் பள்ளமும் ஏறி இறங்கி, நூற்றுக்கணக்கான மரங்களுக்கு முன் குனிந்து நிமிர்ந்து கோடு இழுத்து, வாளிப் பாலைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தால் என்ன ஆகும்? அடிவயிற்றைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கும் நேரத்திலே பாரம் தூக்கினால் கருப்பை கீழே இறங்குகிறது. வயதான நம் தாய்மாரில் எத்தனை பேர் அடி இறங்கிய உபாதையை யாரிடமும் சொல்லாமல், துணியைக் கட்டிக்கொண்டு, பென்ஷன் இல்லாத உடம்போடு காலம் தள்ளினார்கள் என்று யாராவது கேட்டதுண்டா? அவர்களுக்கும் வெந்நீர் ஊற்றத்தான் செய்தார்கள். காலையில் ஊற்றி, மறு வாரம் மரத்துக்கு அனுப்பினால் அந்த வெந்நீர் என்ன செய்யும்!

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் பிள்ளை பெறும் பெண்ணுக்கு 60 நாள் கொடுத்தது. அந்த 60 ஏறத்தாழ இரண்டு தலைமுறை காலம் அசையாமல் நின்றது. 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தீபகற்ப மலேசியாவிலே அது 98 நாள். 98 என்பது 14 வாரம். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் குறைந்த அளவாக வகுத்ததும் அதே 14 வாரம்தான். ஆகவே யாரும் நமக்குத் தாராளமாக அள்ளிக் கொடுத்துவிடவில்லை. உலகம் குறைந்தபட்சம் என்று சொன்னதை 23 ஆண்டு கழித்துப் பெற்றிருக்கிறோம்.

இந்த விடுப்பைப் பிரசவத்துக்கு முன் 30 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். கடைசியாகப் பிரசவத்துக்கு மறுநாளாவது தொடங்கியாக வேண்டும். சம்பளத்தோடு பெற இரண்டு நிபந்தனை. பிரசவத்துக்கு முந்திய 4 மாதத்தில் ஏதாவது ஒரு சமயம் அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். முந்திய 9 மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அதே முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். உயிரோடு 5 பிள்ளைகள் இருந்தால் சம்பளம் கிடையாது. 22 வாரம் கடந்த பின் பிள்ளை இறந்தே பிறந்தாலும் 98 நாள் உண்டு. இதைப் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். பிள்ளை தங்காத தாய் வெறுங்கையோடு மறு வாரமே பெரட்டுக்கு வந்து நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். "பிள்ளையே இல்லையே, விடுப்பு எதற்கு?" என்று அவளிடம் சொன்னவர்களும் உண்டு. அவளுக்கும் அதே புண்தான். பால் கட்டிக்கொண்ட மார்பு வேறு. வெந்நீரும் படுக்கையும் மற்றவரைவிட அவளுக்கே அதிகம் வேண்டும்.

சட்டத்தை ஏய்ப்பது எப்படி என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 'அதே முதலாளி' என்ற சொல்லிலேதான் ஓட்டை போடுகிறார்கள். குத்தகைக்காரர் கீழே வேலை செய்யும் பெண்களின் பெயரை ஆறு மாதம் ஒரு கம்பெனியிலும் மீதிக் காலம் இன்னொரு கம்பெனியிலும் எழுதுகிறார்கள். காடு ஒன்றுதான், மரம் ஒன்றுதான், கத்தியும் ஒன்றுதான், முதலாளி மட்டும் இரண்டு! வயிறு தெரிய ஆரம்பித்ததும், "கொஞ்ச நாள் வீட்டிலே இரு, அப்புறம் வா" என்று இனிமையாகச் சொல்லிப் பெயரை வெட்டுவதும் உண்டு. கர்ப்பமாயிருப்பதற்காக வேலையை விட்டு நீக்குவதை 2023இல் நடப்புக்கு வந்த திருத்தம் தடுக்கிறது. விடுப்பிலே இருக்கும்போது நீக்குவது முன்னரே குற்றம். ஆனால் வாய் வார்த்தையிலே நிறுத்தினால் எந்தக் காகிதத்தைக் காட்டி வாதாடுவது? ஆகவே, சகோதரிகளே, சம்பளச் சீட்டை எறியாதீர்கள். அரிசி டின்னுக்குள்ளேயாவது போட்டு வையுங்கள். யாருடைய பெயரில் சீட்டு வருகிறது என்று மாதந்தோறும் பாருங்கள்.

டாக்டர் சான்று கொடுத்து முதலாளியும் சம்மதித்தால் 98 நாள் முடியுமுன்னே வேலைக்கு வரலாம் என்றும் சட்டத்திலே ஓர் இடம் இருக்கிறது. விரும்பி வருகிறவளுக்கு அது உரிமை. ஆனால், "அம்மா, ஆள் பற்றாக்குறை, மரம் சும்மா நிற்கிறது, உடம்புதான் தேறிவிட்டதே" என்று லயத்து வாசலிலே வந்து கேட்டால் அதை விருப்பம் என்று எப்படிச் சொல்வது? அப்படிக் கேட்கும்போது இல்லை என்று சொல்லும் துணிவு ஒரு தனிப் பெண்ணுக்கு வராது. கிளைச் செயலாளரிடம் சொல்லிவிட்டால் அவர் சொல்லிக்கொள்வார்.

கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். நாட்கூலிக்காரருக்கும் எடைக்குக் கூலி வாங்குவோருக்கும், முந்திய சம்பள மாதத்திலே பெற்ற கூலியை வேலை செய்த நாட்களால் வகுத்தே சாதாரண நாட்கூலி காணப்படுகிறது. உதாரணத்துக்கு, நல்ல பால் காலத்திலே 24 நாள் வெட்டி 2,160 ரிங்கிட் எடுத்தால் நாளுக்கு 90. இலையுதிர் காலத்திலே அதே 24 நாளுக்கு 1,728தான் என்றால் நாளுக்கு 72. நாளுக்கு 18 ரிங்கிட் என்றால் 98 நாளில் 1,764 ரிங்கிட் வித்தியாசம்! எந்த மாதத்தை வைத்து வகுத்தார்கள், ஓய்வு நாள் வேலையை எப்படிச் சேர்த்தார்கள் அல்லது கழித்தார்கள் என்பதைக் கிராணியிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. காட்டச் சொல்லிக் கேட்டால் எந்த நேர்மையான கிராணியும் கோபித்துக்கொள்ளமாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவே ஒரு விடை.

ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. அதே 2023 திருத்தம் நமக்கு 7 நாள் சம்பளத்தோடு தந்தைமை விடுப்புக் கொடுத்திருக்கிறது. மனைவியை முறைப்படி மணந்திருக்க வேண்டும். அதே முதலாளியிடம் 12 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும். பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்னதாகவோ, பிறந்தபின் கூடிய விரைவிலோ தெரிவிக்க வேண்டும். இந்த 7 நாள் கள்ளுக்கடைக்கும் நண்பர்களுக்கு விருந்து வைப்பதற்கும் கொடுத்ததல்ல. இக்காலத்திலே லயத்து வீடுகளில் மாமியாரும் இல்லை, பாட்டியும் இல்லை. பிள்ளைகள் பட்டணத்துக்குப் போக, தோட்டத்திலே தனிக் குடும்பமாகவே பலர் இருக்கிறார்கள். வெந்நீர் வைப்பது யார்? நாம்தான் வைக்க வேண்டும். டின்னைத் தூக்கி அடுப்பிலே வைப்பது பால் வாளி தூக்குகிற கைக்கு ஒரு பாரமா? நம் வீட்டிலே வைத்திருக்கிறோம், ஒன்றும் குறைந்துவிடவில்லை. மூத்த பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதும், துணி அலசுவதும் அந்த 7 நாள் கணக்கிலே சேர்ந்தவைதான்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் வெந்நீரைப் பற்றி மட்டும் சொல்லி என்ன பயன்? தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் 1990ஆம் ஆண்டிலே வந்தது. தோட்டத்து வீடுகளுக்குப் போதுமான குழாய் நீரை இலவசமாகக் கொடுப்பது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. 'போதுமான' என்றால் எவ்வளவு? நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்திலே காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் குழாய் ஓடும். இடையிலே பிடித்து வைத்த தோம்புத் தண்ணீர்தான். பிள்ளைத் துணி அலசவா, வெந்நீர் வைக்கவா, சோறு ஆக்கவா? அங்கே குளியலறைக் கதவும் பாதி உடைந்து தொங்குகிறது. பிள்ளை பெற்று ஒரு வாரமான பெண் விடியுமுன் இருட்டிலே, ஈரத் தரையிலே வழுக்காமல் குளித்துவிட்டு வர வேண்டியிருக்கிறது. இலையின் குணத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் முதலில் அந்தக் கதவைப் பார்த்துவிட்டு வரட்டும்.

கிளைகள் அடுத்த கூட்டத்திலே எடுத்துக்கொள்ளக்கூடிய காரியங்கள் இவை. மருந்தடிப்பு விவரம் பெரட்டுப் பலகையிலே எழுதப்பட வேண்டும். பிரசவித்த பெண் இருக்கும் வீட்டுக்குத் தண்ணீர் நிற்காமல் வர வழி செய்ய வேண்டும். குளியலறைக் கதவுகளைப் பழுது பார்க்க வேண்டும். இரவிலே அவசரத்துக்கு எந்த வண்டி, யாரைக் கூப்பிடுவது என்று எல்லா லயங்களிலும் ஒட்ட வேண்டும். வீடு தேடி வரும் அரசாங்க மிஸியைக் கேட்டில் நிறுத்தி வைக்காமல் உள்ளே விடும்படி காவற்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். விடுப்பு முடிந்து வருகிற பெண்ணுக்கு முதல் சில வாரங்கள் ஸ்டோருக்குப் பக்கத்திலே, சமதரையிலே நிரை கொடுக்கும்படி கேட்க வேண்டும். கடைசியாகச் சொன்னது சட்டத்திலே இல்லை, கேட்டுப் பெறுவதுதான். மனமுள்ள மானேஜர்கள் சிலர் கேளாமலே செய்கிறார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

விடுப்பு எடுக்கும் பெண், பிரசவ நாளுக்கு முந்திய 60 நாளுக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விடுப்பில் போனால், தெரிவிக்கும் வரை பணத்தை நிறுத்தி வைக்க அவர்களுக்கு இடமுண்டு. வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றிலே தேதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். எழுத வராத சகோதரிகள் கிளினிக் கொடுத்த கர்ப்பப் புத்தகத்தைக் கையிலே எடுத்துக்கொண்டு சங்கக் கிளைக்கு வந்தால் போதும். எழுதித் தருவது நம்மைப் போன்ற கிராணிமாரின் வேலை.